கொட்டையா, கட்டமா?

நான்காம் வகுப்புப் பிள்ளையிடம் 24 புளியங்கொட்டைகளைக் கொடுத்து, மிச்சமில்லாமல் செவ்வகமாக அடுக்கச் சொல்லலாம். நான்கு வரிசை, வரிசைக்கு 6. அதைக் கலைத்தால் 3 வரிசை, வரிசைக்கு 8. அப்புறம் 2-க்கு 12. ஐந்தைந்தாக வைத்துப் பார்த்தால் கடைசியில் நான்கு கொட்டைகள் ஒட்டாமல் நிற்கும். 24-க்கு 5 காரணி ஆகாது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி வாய்ப்பாட்டில் இல்லை.

கையால் தொட்டுக் கணக்குப் படிக்கும் இந்த வழிக்குப் பழைய சித்தூர் மாவட்டத்தில் ஆழமான வேர் உண்டு. மதனப்பள்ளியை அடுத்த ரிஷிவேலியில் பத்மநாப ராவும் ரமாவும் கிராமத்து ஓராசிரியர் பள்ளிகளுக்காகப் பல்வகுப்பு பல்நிலை முறையை உருவாக்கினார்கள். அதில் பாடம் அட்டை அட்டையாகப் பிரியும். பிள்ளை தன் வேகத்தில் கற்றல் ஏணியில் ஏறும். விதை, கூழாங்கல், குச்சி எல்லாம் கருவிகளாகும். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் தொடங்கி, பின்னர் தமிழகமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலுக்கு இதுவே முன்மாதிரி.

செவ்வக அடுக்கின் பெரிய பலன் காரணிகளைக் கண்டுபிடிப்பது மட்டுமல்ல, தேடலை எங்கே நிறுத்தலாம் என்று காட்டுவதும்தான். 4×6-ஐ அடுத்து 6×4 வரும்போது, கொட்டைகளை நகர்த்தவே வேண்டியதில்லை. பிள்ளை இடம் மாறி உட்கார்ந்தால் போதும். இனி வருவதெல்லாம் பழையதன் திருப்பம். 36-இல் 6×6 சதுரமாக நிற்பதால் அதற்கு மட்டும் ஜோடி இல்லை. காரணிகளின் எண்ணிக்கை ஒன்பது என்று ஒற்றைப்படையாக வருவது அதனால்தான். வாய்ப்பாட்டை ஒப்பிக்கும் பிள்ளைக்கு இந்தக் காரணம் பிடிபட வழியில்லை.

சிக்கல் 7-இல் தொடங்குகிறது. ஏழு கொட்டைகளை எப்படி வைத்தாலும் ஒரே கோடுதான் வரும். 'இது செவ்வகமா டீச்சர்?' என்று ஒரு பிள்ளை கேட்டால் அது நியாயமான கேள்வி. கொட்டையை வைத்துக்கொண்டு 'ஆமாம்' என்று சொல்ல முடியாது. சதுர அட்டைகளாக இருந்தால் 1×7 அகலமும் நீளமும் உள்ள முழுச் செவ்வகம். பகா எண்ணுக்கு அந்த ஒரே உருவம்தான் என்று சொல்லிவிடலாம்.

கொட்டைக்கும் கட்டத்துக்கும் உள்ள இந்த வேறுபாட்டைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிடக் கூடாது. அதே சித்தூர்ப் பகுதியில், தாமலசெருவு சந்தைக்குக் கிளிமூக்கு மாங்காய் அனுப்பும் தோப்புகளை நினைத்துக்கொள்ளலாம். பழைய வழக்கப்படி பத்து மீட்டருக்கு ஒரு கன்று, ஏக்கருக்கு 40 மரம். 40-ஐ 5 வரிசை, வரிசைக்கு 8 என்று கொட்டையில் அடுக்கி, ஓரத்து மரத்திலிருந்து ஓரத்து மரத்துக்கு அளந்தால் 40 மீட்டருக்கு 70 மீட்டர். 2,800 சதுர மீட்டர்தான். ஏக்கரோ 4,047. மீதி எங்கே போனது? ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் ஒரு பத்து மீட்டர்ச் சதுரம் வரைந்தால் 50-க்கு 80; 4,000 சதுர மீட்டர் வந்துவிடும். கொட்டை எண்ணிக்கையைக் காட்டும், இடத்தைக் காட்டாது. ஆனால் ஐந்தாம் வகுப்பில் பரப்பளவு வரும்போது, அடுக்கில் பழகியதே போதும் என்று பாடம் நகர்ந்துவிடுகிறது.

கட்டத்துக்கு மாறிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. மைக்கேல் பட்டிஸ்டாவும் சக ஆய்வாளர்களும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பலர் கட்டங்களை நிரை நிரலாகப் பார்க்கவில்லை. ஓரத்தைச் சுற்றி வந்து, உள்ளே தாறுமாறாக எண்ணினார்கள். பெரியவர் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் அமைப்பு பிள்ளை மனதில் இனிமேல்தான் உருவாக வேண்டும். 'ஒரு வரிசைக்கு எத்தனை, அப்படி எத்தனை வரிசை' என்று கேட்கப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். பல வகுப்புகளை ஒருவரே பார்க்கும் பள்ளியில் அந்த ஆள் கிடைப்பது அரிது. அடுக்கி முடித்ததும் பிள்ளை அடுத்த அட்டைக்குப் போய்விடும்.

எண் பெரிதானால் பொருளை விட்டுவிடுவதே நல்லது. 91 கொட்டைகளை அடுக்குவதற்குள் மணி அடித்துவிடும். பத்துக்குப் பத்து 100, அது 91-ஐத் தாண்டிவிடுகிறது. ஆகவே பத்துக்குக் கீழுள்ள பகா எண்களான 2, 3, 5, 7 ஆகிய நான்கால் மட்டும் வகுத்துப் பார்த்தால் போதும். ஏழில் அகப்படும்: 7×13. 24-ஐ அடுக்கி, எங்கே நிறுத்துவது என்று கண்ட பிள்ளைக்கு இந்தக் குறுக்குவழியை விளக்க ஐந்து நிமிடம் ஆகாது.