எஃகு ஆலை இருந்த இடத்தில் ஓர் ஏரி

ஜெர்மனியின் ரூர் பகுதியில், டோர்ட்முண்ட் நகரைச் சேர்ந்த ஹோர்டே வட்டாரத்தில் 24 ஹெக்டேர் பரப்பில் ஃபீனிக்ஸ் ஏரி இருக்கிறது. 2001 வரை அந்த இடத்தில் எஃகு உருகிக்கொண்டிருந்தது. ஆலை மூடப்பட்டதும் சீன நிறுவனம் ஒன்று அதை வாங்கி, கழற்றி, கப்பலேற்றிக் கொண்டுபோனது. பிறகு நிலத்தை அகழ்ந்து, 2010 அக்டோபரில் நீர் விடத் தொடங்கினார்கள். மறு ஆண்டு மே மாதம் கரையில் மக்கள் நடந்தார்கள்.

தொழில் நகரம் ஒன்று மீண்டெழுந்ததற்குச் சான்றாக இந்த ஏரியைப் பலரும் காட்டுகிறார்கள். அந்தப் பாராட்டில் பெரும்பகுதி ஏரிக்கு உரியதல்ல என்றே நினைக்கிறேன்.

நடக்க நல்ல இடம்தான், ஐயமில்லை. சுற்று மூன்று கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். வயதானவர்களும் குழந்தை வண்டி தள்ளுபவர்களும் சிரமமின்றிச் சுற்றி வரலாம். விலை உயர்ந்த வீடுகள் எல்லாம் பாதைக்குப் பின்னால்தான் நிற்கின்றன. ஏரிக்கரை என்றாலே தனியார் வேலி எழும்பும் காலத்தில் இது சிறிய சாதனையல்ல. ஆனால் அந்த வீடுகள் யாருக்கு? மனைகளை விற்றுத்தான் திட்டச் செலவில் ஒரு பகுதியை ஈட்டினார்கள். நகராட்சிக்கு வேறு வழி குறைவு என்பதை ஏற்கலாம். ஆயினும் 1841 முதல் 160 ஆண்டுகள் உலையருகே வெந்தவர்களின் பழைய தெருக்கள் பக்கத்திலேயே வறுமையோடு இருக்க, ஏரிக்கரைச் சரிவில் குடியேறியவர்கள் வசதி படைத்தவர்கள். உழைத்தவர்களின் நினைவாக இரும்பை எஃகாக்கிய ஒரு பெருங்கொப்பரையைக் கரையில் நிறுத்தியிருக்கிறார்கள். எனக்கு அது போதவில்லை.

இன்னொரு குறை: பாய்மரப் படகு விடலாம், குளிக்கக் கூடாது. மூன்று நான்கு மீட்டர் ஆழமே உள்ள தேங்கிய நீர் இது. பாசி மண்டாமலிருக்க பாஸ்பேட்டைப் பிரித்தெடுக்க வேண்டியிருக்கிறது. காரணம் நியாயமானது. ஆனால் கடற்கரைக்குப் போக வசதியில்லாத குடும்பத்துக்குக் கோடையில் இந்த நீர் வெறும் காட்சிதான்.

உண்மையான சாதனை ஏரியை ஒட்டி, அதனோடு கலக்காமல் ஓடுகிறது. எம்ஷர் ஆறு. நிலக்கரிச் சுரங்கங்களால் நிலம் அமிழ்ந்துகொண்டேயிருந்ததால் ரூரில் சாக்கடைக் குழாய்களைப் புதைக்க முடியவில்லை, புதைத்தால் உடையும். அதனால் ஆற்றையே நேராக்கி, கான்கிரீட் பூசி, திறந்த சாக்கடையாக்கினார்கள். 1899இல் அமைந்த எம்ஷர் கூட்டமைப்பு அதை நிர்வகித்தது. சுரங்கத் தொழில் வடக்கே நகர்ந்து நிலம் நிலைத்த பிறகு, 1992இல் மீட்புத் தொடங்கியது. 51 கிலோமீட்டர் நீளத்துக்கு, சில இடங்களில் 40 மீட்டர் ஆழத்தில், கழிவுநீருக்குத் தனிக் குழாய் பதித்தார்கள். செலவு 500 கோடி யூரோவுக்கும் மேல். 2021 இறுதியில்தான் ஆறு முழுவதும் கழிவிலிருந்து விடுபட்டது. ஹோர்டேயில் ஆலைக்கு அடியில் குழாய்க்குள் கிடந்த அதே ஆறு இப்போது வெயிலில் ஓடுகிறது. வெள்ளம் வந்தால் மிகைநீரை ஏரி வாங்கிக்கொள்கிறது. ஏரியின் மதிப்பை என் கணக்கில் உயர்த்துவது இந்தப் பணியே.

ஆகவே என் தீர்ப்பு இது: உலாவும் இடமாக ஃபீனிக்ஸ் ஏரி வெற்றி, ஹோர்டேக்குச் செலுத்த வேண்டிய கடனாகப் பாதி. முப்பது ஆண்டுகள் யார் கண்ணிலும் படாத குழாய்க்குப் பணம் ஒதுக்கிய பொறுமைக்கே முதல் மதிப்பெண் தருவேன். ஆற்றிலிருந்து கழிவைப் பிரிக்காமல் ஏரியை வெட்டியிருந்தால் இந்தக் கரையில் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நடந்திருக்க வேண்டும்.