சார்லி ஒருவனா, இருவரா?

நம்மிடம் அரபு இலக்கணம் ஓதிச் சென்ற மாணவர் ஒருவர் பின்னர் மருத்துவம் கற்று, இப்போது மூளை நரம்புச் சிகிச்சைத் துறையில் பயிற்சி பெற்று வருகிறார். சென்ற ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஊர் வந்தவர் ஓர் ஆங்கில நாவலை நம் கையில் கொடுத்து, “ஹழ்ரத், மூளையைத் திருத்தி ஒருவரின் அறிவை உயர்த்திவிட்டால், படுக்கையிலிருந்து எழுந்து வருபவர் படுத்த அதே ஆள்தானா? இதைப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்” என்றார். நூலைத் திருப்பித் தருமாறு தொலைபேசியில் இருமுறை நினைவூட்டியும் விட்டார். அது இன்னும் நம் மேசையின் மேல்தான் கிடக்கிறது. அவருக்குச் சொல்ல எண்ணியதையே இங்கு எழுதுகிறோம்.

நூல், அமெரிக்க எழுத்தாளர் டேனியல் கீஸ் இயற்றிய ‘ஃபிளவர்ஸ் ஃபார் அல்ஜெர்னான்’. 1959ஆம் ஆண்டு ஒரு விஞ்ஞானக் கதைப் பத்திரிகையில் சிறுகதையாக வெளிவந்து, 1966இல் நாவலாக விரிந்தது. 1968இல் திரைப்படமாகவும் வந்தது. கதையின் வித்து ஆசிரியரின் வகுப்பறையிலேயே கிடைத்திருக்கிறது. 1957ஆம் ஆண்டு, கற்பதில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு அவர் ஆங்கிலம் போதித்து வந்தார். அவர்களுள் ஒரு மாணவன், தான் கடுமையாக உழைத்துப் புத்திசாலியாகிவிட்டால் மற்றப் பிள்ளைகளின் வகுப்பில் தன்னைச் சேர்ப்பார்களா என்று கேட்டானாம். ஆசிரியத் தொழிலில் இருப்போருக்கு அக்கேள்வியின் கனம் தெரியும்.

நாவலின் நாயகன் சார்லி கார்டனுக்கு வயது 32. நியூயார்க்கில் ஒரு ரொட்டிக் கடையில் தரை கூட்டும் எடுபிடி. அறிவுத்திறன் அளவெண் 68. எழுதப் படிக்கக் கற்கவேண்டும் என்ற ஒரே ஆசையால் முதியோர் வகுப்புக்குச் சென்று வருகிறான். ஸ்ட்ராஸ் என்னும் மருத்துவரும் நெமூர் என்னும் பேராசிரியரும் அல்ஜெர்னான் என்னும் ஒரு சுண்டெலியின் மூளையில் அறுவை செய்து அதன் அறிவைப் பெருக்கியிருக்கிறார்கள். அதே அறுவையைச் சார்லிக்கும் செய்கிறார்கள். சில மாதங்களில் அவனுடைய அளவெண் 185க்கு ஏறுகிறது. தனக்கு அறுவை செய்தோரையே விஞ்சும் மேதையாகி விடுகிறான். ஆனால் சுண்டெலியின் அறிவு தடுமாறத் தொடங்குகிறது, அது மடிகிறது. தன் கதியும் அதுவே என்பதைத் தன் ஆராய்ச்சியினாலேயே கண்டறிந்த சார்லி, ஏறிய படிகளிலேயே இறங்கி வருகிறான்.

இவை யாவும் சார்லியே எழுதும் ‘முன்னேற்ற அறிக்கை’களாகத் தரப்பட்டுள்ளன. முதல் அறிக்கைகளில் எழுத்துப் பிழைகள் மலிந்துள்ளன. நிறுத்தக் குறிகள் சரிவர இல்லை. அறுவைக்குப் பின் பிழைகள் ஒவ்வொன்றாக உதிர்கின்றன, வாக்கியங்கள் நீள்கின்றன. இறுதியில் உதிர்ந்த பிழைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வருகின்றன. ஆசிரியர் குறுக்கே புகுந்து ஒரு சொல்லும் சொல்வதில்லை. ஒரு மனிதன் தன்னை விட்டு எதுவெல்லாம் போகிறது என்பதைத் தானே எழுதி, எழுதியதை மறுவாரம் தானே படிக்க இயலாமற் போவதை நாம் பார்த்திருக்க நேர்கிறது. படிப்போரை உலுக்கும் உத்தி இது.

எனினும் நமக்கு இதில் ஒரு நெருடலும் உண்டு. எழுத்துப் பிழையை வைத்து ஒருவரின் அறிவை எடைபோடலாம் என்ற எண்ணத்தை இவ்வுத்தி வாசகரிடம் ஊட்டிவிடுகிறது. நம் பாட்டிமார் அரபுத் தமிழில் கடிதம் எழுதினார்கள். அக்கடிதங்களைத் தமிழெழுத்தில் அப்படியே பெயர்த்தால் சிவப்பு மைப் புட்டி ஒன்று போதாது. ஆயினும் பினாங்கிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வந்த சொற்பப் பணத்தைக் கொண்டு குமர்களைக் கரையேற்றிய அவர்களின் அறிவுக்கு எந்த அளவெண்ணைக் கொடுப்பது? இது நிற்க.

மாணவரின் கேள்விக்கு வருவோம். மேதையான சார்லியும் தரை கூட்டிய சார்லியும் ஒருவரா, இருவரா? நெமூர் இருவர் என்றே எண்ணுகிறார். அறுவைக்கு முன் அங்கு ஓர் ஆளே இருந்ததில்லை, தாமே இவனைப் படைத்தோம் என்பது போலச் சிகாகோ மாநாட்டில் அவர் நடந்துகொள்கிறார். அதைத் தாளாத சார்லி சுண்டெலியை எடுத்துக்கொண்டு மாநாட்டை விட்டே ஓடிவிடுகிறான். அறுவைக்கு முன்னரும் நான் மனிதனாகத்தான் இருந்தேன் என்பதே நூல் முழுதும் அவன் நெமூரோடு நடத்தும் வழக்கு. இவ்வழக்கில் நாம் சார்லியின் பக்கம்.

ஆனால் ஆசிரியர் எந்தப் பக்கம்? இங்குதான் நாவல் தடுமாறுகிறது. மேதையான சார்லி, பழைய சார்லி எங்கோ ஒதுங்கி நின்று தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பதாக உணர்கிறான். தான் நேசிக்கும் ஆசிரியை ஆலிஸ் கின்னியனை நெருங்கும்போதெல்லாம் அந்த மற்றவன் குறுக்கே வருகிறான். மது அருந்தி மயங்கிய வேளையில் பழையவனே வெளிப்பட்டுப் பேசிவிட்டுப் போகிறான். ஓருடலில் இருவர் குடியிருப்பது போலவும், ஒருவரின் வீட்டை மற்றவர் சிலகாலம் இரவல் வாங்கியது போலவும் கதை நகர்கிறது. நாயகன் எந்தக் கருத்தை எதிர்த்துப் போராடுகிறானோ அதே கருத்தை ஆசிரியர் பின்வாசல் வழியாக உள்ளே விட்டுவிட்டார். 1959இன் சிறுகதையில் இந்த இரட்டை மனிதன் இல்லை. அதனால்தான் அச்சிறுகதை நாவலினும் உறுதியாக நிற்கிறது என்பது நம் கருத்து.

இந்த இருவர் கொள்கையின் தந்தை, இங்கிலாந்துத் தத்துவ ஞானி ஜான் லாக். மனித அறிவைப் பற்றிய தம் நூலின் இரண்டாம் பதிப்பில் (1694) அவர் ஒரு புதிய அத்தியாயத்தைச் சேர்த்தார். ஒருவரின் தன்னுணர்வு எவ்வளவு தூரம் பின்னோக்கி எட்டுகிறதோ, அவ்வளவு தூரமே அவர் அதே ஆள் என்பது அதன் சாரம். பித்தன் செய்ததற்காகத் தெளிந்தவனையும், தெளிந்தவன் செய்ததற்காகப் பித்தனையும் உலகச் சட்டங்கள் தண்டிப்பதில்லை. ஆகவே சட்டமே அவர்களை இரண்டு ஆட்களாகக் கொள்கிறது என்று அவர் சான்றும் காட்டினார். ‘மனிதன்’ வேறு, ‘ஆள்’ வேறு என்று அவர் பிரித்தே பேசுகிறார் என்பதை நியாயத்துக்காகச் சொல்லி வைக்கிறோம். ஆனால் அவருடைய அளவுகோலைச் சார்லியின் மேல் வைத்துப் பாருங்கள். அறுவைக்கு முன் அவனுக்குத் தன் தாய் தந்தையரைப் பற்றிச் சரியான நினைவே இல்லை. அறிவு வளர்ந்த பிறகுதான் தாயின் கோபமும் தங்கையின் வெறுப்பும் ஒவ்வொன்றாக மீண்டு வருகின்றன. அப்படியானால் சிறுவன் சார்லியும் மேதை சார்லியும் ஒரே ஆள். இடையில் பதினேழு வருடம் தரை கூட்டியவன் மட்டும் அந்நியன் என்றல்லவா முடிகிறது?

நம் முன்னோர் இதே காட்சியைப் பார்த்து வேறு முடிவுக்கு வந்தார்கள். உஸூலுல் ஃபிக்ஹு கித்தாபுகளில் ‘அஹ்லிய்யத்’ என்றொரு பாடம் உண்டு, ஓதியவர்களுக்கு நினைவிருக்கும். தகுதி இரண்டு வகை. உரிமையும் பொறுப்பும் தன்னைச் சார்வதற்கான தகுதி ஒன்று. தானே செயலாற்றிக் கொள்வதற்கான தகுதி மற்றொன்று. பின்னது அக்லைப் பொறுத்து வளரும், குறையும், நீங்கும், திரும்பி வரும். முன்னது அக்லைப் பொறுத்ததன்று, மனிதனாயிருப்பதைப் பொறுத்தது. தாய் வயிற்றிலுள்ள சிசுவுக்கும் வாரிசுப் பங்கு ஒதுக்கி வைக்கப்படுவது இதனாலேயே. உறங்குபவர், சிறுவர், புத்தி பேதலித்தவர் ஆகிய மூவரின் செயலும் ஏட்டில் பதியப்படுவதில்லை என்னும் நபிமொழியை அறிவோம். ஆனால் புத்தி பேதலித்தவர் அண்டை வீட்டுப் பானையை உடைத்துவிட்டால், அதன் விலை அவருடைய சொத்திலிருந்து கொடுக்கப்பட வேண்டும். தெளிந்த பிறகு, உடைத்தவன் வேறு ஆள் என்று அவர் சொல்ல முடியாது. தண்டனை இல்லை என்பதில் லாக்கும் ஃபுகஹாக்களும் ஒன்றே. அதிலிருந்து லாக் இரண்டு ஆட்களைப் பெற்றார். இவர்கள் ஒரே ஆளின் இரண்டு நிலைகளைப் பெற்றார்கள்.

தத்துவத் துறையில் இப்னு சீனா இன்னும் ஆழமாகச் சென்றார். ‘ஷிஃபா’ நூலில் அவர் ஒரு மனிதனைக் கற்பனை செய்கிறார். அவன் ஒரே கணத்தில் முழுமையாகப் படைக்கப்பட்டு, வெட்ட வெளியில் மிதக்கிறான். கண் எதையும் காணவில்லை. கைகால்கள் ஒன்றையொன்று தொடவில்லை. அவனுக்கு உலகம் தெரியாது, தன் உடலும் தெரியாது. அப்போதும் தான் இருப்பதை அவன் மறுக்கமாட்டான் என்கிறார். நினைவு ஒன்றுகூட இல்லாத, ஓர் எழுத்தும் கற்காத அவனிடத்தில் ‘நான்’ முழுமையாக இருக்கிறது! இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இப்னு சீனாவைக் கடுமையாக மறுத்தவர். எனினும் குழந்தை முதல் முதுமை வரை உடலின் பகுதிகள் உணவால் மாறிக்கொண்டே இருக்க, மனிதன் அவனாகவே இருக்கிறான் என்பதைத் ‘தஹாஃபுத்’தில் எடுத்துக்காட்டத் தவறவில்லை.

நாவலில் பலர் கவனியாது விடும் ஓர் இடம் உண்டு. அறுவைக்குச் சம்மதம் தந்து கையொப்பமிட்டவள் சார்லியின் தங்கை. அவனைப் பல்லாண்டுகளாகப் பார்த்திராதவள். ஹனஃபி சட்ட நூல்கள் அறிவு குன்றியவரை விவரமறிந்த சிறுவரின் நிலையில் வைக்கின்றன. நன்கொடை பெறுவது போன்ற முற்றிலும் நன்மையானதை அவர் தாமே செய்துகொள்ளலாம். தம் பொருளைத் தானம் கொடுத்துவிடுவது போன்ற முற்றிலும் நஷ்டமானது, வலீ இசைந்தாலும் செல்லாது. லாபமும் நஷ்டமும் கலந்த வியாபாரம் போன்றதே வலீயின் சம்மதத்தை எதிர்பார்த்து நிற்கும். சார்லியின் அறுவை இம்மூன்றில் எது? முதல் வகையென்று விஞ்ஞானிகள் கருதினார்கள். மூன்றாம் வகையென்று சட்டத்துக்குக் காட்டினார்கள். இரண்டாம் வகையாக முடிந்தது. உடலின் மேல் செய்யும் சிகிச்சை கொடுக்கல் வாங்கல் அன்று என்பதை அறிவோம். ஆயினும் ஆலோசிப்பதற்கு இந்தப் பகுப்பு உதவும்.

இவை கதைக்குள் நிற்கும் கேள்விகள் அல்ல. 2024 ஜனவரியில் அமெரிக்காவில் நியூராலிங்க் என்னும் கம்பெனி, கைகால் செயலிழந்த ஒருவரின் மூளையில் முதன்முறையாகத் தன் கருவியைப் பதித்தது. அவர் எண்ணத்தாலேயே கணினித் திரையின் அம்புக்குறியை நகர்த்தினார். இதுவரை இது சிகிச்சைதான். நோயில்லாதவரின் அறிவைப் பெருக்குவதன்று. நம் மனத்தை அதிகம் வருத்தியது அதற்கு முந்திய ஒரு செய்தி. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 2010 முதல் வலிப்பு நோயாளர் சிலருக்கு, வலிப்பு வருமுன் எச்சரிக்கும் கருவி பொருத்தப்பட்டது. அவர்களுள் ஒரு பெண்மணிக்கு அக்கருவி தம்மில் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. கம்பெனியிடம் பணம் தீர்ந்தது; கருவியை அகற்றவேண்டி வந்தது. தம்மையே இழந்துவிட்டதாக அவர் பின்னர் ஆய்வாளர்களிடம் சொல்லியிருக்கிறார். அறுபது ஆண்டுகளுக்கு முன் கீஸ் எழுதிய இறக்கம் இது. அப்பெண்மணியின் துயரத்தோடு தர்க்கம் பேச நமக்கு நா எழவில்லை. ஆனால் மாணவருக்கு இதைச் சொல்லவேண்டும்: இழந்தேன் என்று சொல்வதற்கு இழப்பின் இருபுறமும் ஒருவரே நிற்கவேண்டும். இரண்டு ஆட்கள் என்றால் அங்கே இழப்பும் இல்லை, கம்பெனிக்குப் பழியும் இல்லை. ஒருவரே என்று கொள்ளும்போதுதான் அவருக்குச் செய்யப்பட்டது என்ன என்று கேட்க முடிகிறது.

சிறுகதையைக் கீஸ் முதலில் அனுப்பியபோது, அதைப் படித்த பத்திரிகையாசிரியர் ஒருவர் முடிவை மாற்றச் சொன்னாராம்: சார்லி மேதையாகவே இருக்கட்டும், ஆசிரியையை மணந்து மகிழட்டும் என்று. கீஸ் இணங்கவில்லை, கதையை வேறு பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டார். அந்த மறுப்புக்காகவே அவருக்கு நம் மரியாதை உரியது. முடிவில் சார்லி அறிவை இழந்தவனாய் மறுபடி ரொட்டிக் கடைக்கு வருகிறான். புதிய வேலையாள் ஒருவன் அவனைத் துன்புறுத்துகிறான். முன்பெல்லாம் அவனை வைத்துச் சிரித்தவர்களே இப்போது அவனுக்காகக் குறுக்கே வந்து நிற்கிறார்கள். நாவலின் பழைய பக்கங்களில், அவர்கள் சிரிக்கும்போது, தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்பதை அறியாமல் சார்லியும் உடன் சிரிப்பான்.

அப்பக்கங்களை நாம் ஒரே அமர்வில் படிக்கவில்லை. நாம் ஓதும் பிள்ளையாயிருந்த காலத்தில் எங்கள் பள்ளிவாசல் ஹவுளுக்குத் தண்ணீர் இறைத்து ஊற்ற ஒருவர் இருந்தார். பத்து வயதுப் பிள்ளையின் புத்தி. நாற்பது வயது உடம்பு. அவரை ‘ஆலிம்சா’ என்று அழைத்து, “ஆலிம்சா, ஒரு பயான் செய்யுங்கள்” என்று நாங்கள் தூண்டிவிடுவோம். அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு, தலைப்பாகை கட்டுவது போல் துண்டைச் சுற்றிக்கொண்டு ஏதோ பேசுவார். நாங்கள் சிரிப்போம். அவரும் எங்களோடு சேர்ந்து சிரிப்பார். அவர் மவுத்தாகி முப்பது வருடத்துக்கு மேலாகிறது. இக்கட்டுரையில் எழுதுவதற்காக அவருடைய பெயரை நினைவுக்குக் கொண்டுவர இரண்டு நாள் முயன்றோம். ஆலிம்சா என்பதுதான் வருகிறது.