பேய்ப்படங்களும் கல்லறைத் தோட்டமும்

போத்தனூரில் நாம் பணியாற்றும் சேகரத்து வாலிபர் சிலர், மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை ஒரு வீட்டு மாடியில் கூடிப் பழைய பேய்ப்படங்களைக் கண்டு, பின்னர் அவற்றைப் பற்றி உரையாடி வருகின்றனர். நம் ஊரின் பெயரைத் தாங்கி 2022-இல் வெளிவந்த ‘போத்தனூர் தபால் நிலையம்’ என்னும் படமே இதற்குத் தூண்டுகோல். அது பேய்ப்படம் அன்று. சிறு முதலீட்டில் உருவான, பணம் களவுபோன கதை. ஆயினும் 1990-ஆம் ஆண்டில் நிகழ்வதாக அமைந்த அக்கதையைக் கண்ட பிள்ளைகள், அந்நாளில் தம் பெற்றோர் எவ்வகைப் படங்களைக் கண்டனர் என்று வினவத் தொடங்கி, ‘யார்?’ (1985), ‘மை டியர் லிசா’ (1987), ‘பதிமூன்றாம் நம்பர் வீடு’ (1990) என்னும் வரிசையில் வந்து நின்றனர். சபையின் மூத்தவர் ஒருவர் நம்மிடம் வந்து, “பேயைத் துரத்த வேண்டிய பிள்ளைகள் பேயைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பார்க்கிறார்களே ஐயா” என்று வருந்தினார். அவ்வருத்தத்தை எளிதில் தள்ளிவிட நம்மால் இயலவில்லை. தடை செய்யுமுன் பார்த்துவிடுவோம் என்று நாமும் சென்று அமர்ந்தோம். ஆறு மாதங்கள் அமர்ந்தபின் எழுதும் குறிப்புகள் இவை. (மூத்தவரும் நான்காம் மாதம் வந்தார். படம் தொடங்கி இருபது நிமிடங்களில் உறங்கிவிட்டார்.)

கோவையில் கிறிஸ்தவர்களுக்குத் திரைப்படம் அந்நியப் பொருள் அன்று. இங்குப் பிறந்து, திருச்சியில் ரயில்வே பணியாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படக்கருவியையும் சுருள்களையும் விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துக் காட்டினார். அச்சுருள்களுள் இயேசுவின் வாழ்க்கையும் ஒன்று. 1914-இல் கோவையில் அவர் கட்டிய வெரைட்டி ஹால் ஒரு தெருவுக்கே பெயர் தந்தது. இருளில் அமர்ந்து, என்றோ இறந்துபோனவர்கள் வெண்திரையில் நடமாடக் காணும் வழக்கம் நம் பாட்டனார் காலத்திலேயே இவ்வட்டாரத்தில் தொடங்கிவிட்டது.

மூத்தவருக்குச் சொல்ல நம்மிடம் மற்றொரு செய்தியும் இருந்தது. உலகிலேயே மட்டமான படம் என்று 1980-இல் ஒரு நூல் பட்டம் சூட்டிய ‘பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்’ என்னும் அமெரிக்கப் படத்திற்குப் பணம் போட்டவர்கள் பாப்திஸ்து சபையார்! 1950-களில் எட் வுட் என்பார் இதனை இயக்கினார். இறந்தோரை வேற்றுலகத்தார் கல்லறையிலிருந்து எழுப்பும் கதை. ‘கல்லறைக் கொள்ளையர்’ என்ற முதற்பெயர் தகாது எனச் சபையார் மாற்றச் செய்தனர். இயக்குநரும் நடிகர் சிலரும் ஞானஸ்நானம் பெறவும் வேண்டியதாயிற்று. முதன்மை நடிகர் பேலா லுகோசி 1956-இல் காலமாகிவிட, வேறொருவர் மேலாடையால் முகத்தை மறைத்துக்கொண்டு அவர் பாத்திரத்தை நடித்து முடித்தார். இறந்தவர் திரும்பி வருவதைப் பற்றிய படத்தில் இறந்த நடிகர் திரும்பி வரவில்லை. வந்தவர் முகத்தைக் காட்டவில்லை. வாலிபர் இதைக் கேட்டு விழுந்து விழுந்து நகைத்தனர். நாமும் நகைத்தோம்.

நகைப்பைப் பற்றி ஒரு சொல். இப்படங்களை நாடுவோர் பலர் அஞ்சுவதற்காக நாடுவதில்லை. ஒட்டுப்பல் கழன்று தொங்குவதையும், புகைக்கருவியின் நிழல் சுவரில் விழுவதையும் கண்டுபிடித்து மகிழவே கூடுகின்றனர். இதில் தவறு காண நாம் விரும்பவில்லை. ஏழை எடுத்த படத்தில் ஏழைமை தெரியத்தான் செய்யும். இந்தியில் ராம்சே சகோதரர்கள் ஒரு குடும்பமாகவே கூடி, இயக்கம் ஒருவர், ஒளிப்பதிவு ஒருவர் எனத் தமக்குள் பங்கிட்டு இத்தகைய படங்களை எடுத்தனர். 1972-இல் வந்த அவர்தம் படத்தின் பெயர் ‘தோ கஸ் ஜமீன் கே நீச்சே’, அதாவது இரண்டு கஜ நிலத்தின் கீழே. சவக்குழியின் அளவு அது. ஒட்டுப்பல்லுக்குக் காசில்லாதவர்களும் பெயரிடும்போது இலக்குத் தவறவில்லை. காசில்லாமையால் நேர்ந்த நன்மையும் உண்டு: பேயைக் காட்ட வழியில்லாதவன் கதவைக் காட்டுகிறான்; கதவு மெல்லத் திறக்கிறது; அவ்வளவில் நிறுத்திக்கொள்கிறான். கோடிகள் செலவிட்டுப் பேயைப் பகல்வெளிச்சத்தில் நடக்கவிடும் இந்நாளைய படங்களைவிட அது மேல்.

எனினும் எல்லாப் படங்களையும் நகைத்து விட்டுவிட முடியாது. ‘ஜென்ம நட்சத்திரம்’ (1991) நமக்குக் கசப்பையே தந்தது. தக்காளி சீனிவாசன் இயக்கிய இது, 1976-இல் வந்த ‘தி ஓமன்’ என்னும் ஆங்கிலப் படத்தின் தமிழ் வடிவம். தம் பிள்ளை எனப் பெற்றோர் வளர்க்கும் குழந்தை சாத்தானின் பிள்ளை என்பதே கதைக்கரு. வெளிப்படுத்தின விசேஷத்தில் இல்லாத செய்யுள் ஒன்றை அதன் வாசகம்போல் வழங்கியது மூலப்படம். அது போகட்டும், பிழையான மேற்கோள் பிரசங்க பீடத்திலும் கேட்கக் கூடியதே. நம் வருத்தம் வேறு. 666 என்னும் எண் கொண்ட மிருகம், ரோமப் பேரரசின் கீழ் நசுங்கிய சின்ன ஆசியாவின் சபைகளுக்கு எழுதப்பட்ட அடையாளம். அதனுள் நீரோவின் பெயர் மறைந்திருப்பதாக அறிஞர் பலர் கொள்வர். அரசின் வாளைச் சுட்டிய எண்ணை எடுத்து ஒரு குழந்தையின் தலையில் பொறிப்பது எத்தகைய நேர்மை? காண்போர் அனைவரும் ஒரு குழந்தையின் சாவை விரும்பும்படி செய்வதே இக்கதையின் பொறி. வலிப்பு நோயுற்ற பிள்ளையைச் சாட்டையால் அடித்து ஓட்டச் சொல்வோரை ஊழியத்தில் நாம் நேரில் கண்டிருக்கின்றோம். மாற்கு 9-ஆம் அதிகாரத்தில் அத்தகைய பிள்ளையைக் கொண்டுவந்தபோது, இது உண்டாகி எவ்வளவு காலமாயிற்று என்று தகப்பனைக் கேட்டார் ஆண்டவர். மருத்துவர் கேட்கும் கேள்வி அது. ‘ஜென்ம நட்சத்திர’த்தின் உலகில் அக்கேள்விக்கு இடமில்லை.

நாம் எதிர்பாராத வகையில் நம்மைத் தடுத்து நிறுத்தியது ‘நாளைய மனிதன்’ (1989). இயக்கியவர் வேலு பிரபாகரன், கடவுள் மறுப்பாளர், பின்னாளில் ‘கடவுள்’ (1997) என்றே ஒரு படம் எடுத்தவர், 2025-இல் மறைந்தார். இறந்தவரை எழுப்பும் மருந்தைக் கண்டறியும் மருத்துவராக ஜெய்சங்கரும், எழுந்தவராக அஜய் ரத்னமும் நடித்தனர். அந்த நடிகரின் நெடிய உருவத்தையும் சிறிது ஒப்பனையையும் தவிர, அச்சமூட்டுவதற்கெனத் தனிச் செலவு செய்ததாகத் தோன்றவில்லை. எழுந்தவன் கொலை செய்கிறான். கதை அவ்வளவே. உயிர்த்தெழுதலை நம்பாத ஒருவர் அதனை இத்துணை அச்சத்தோடு எண்ணிப் பார்த்திருப்பது, ஆண்டுதோறும் உயிர்த்த ஞாயிறன்று விடியற்காலையில் அதனைப் பாடிவிட்டு வீட்டுக்குப் போய்க் காலை உணவு கொள்ளும் நமக்கு நாணம் தருவதாகும்.

படம் முடிந்தபின் வழக்கம்போல் நகைப்பு எழுந்தது. அப்போது, சில மாதங்களுக்கு முன் தந்தையை அடக்கம் செய்திருந்த இளைஞர் ஒருவர் கேட்டார்: “எழுந்தவனுடைய பெயர் என்ன?” எவருக்கும் நினைவில்லை. மருத்துவரை நினைவிருந்தது, மருந்தை நினைவிருந்தது, கொலைகளின் வரிசைகூட நினைவிருந்தது. இது நம் மறதி மட்டும் அன்று. மேரி ஷெல்லி 1818-இல் எழுதிய ‘ஃப்ராங்கன்ஸ்டைன்’ நாவலிலும் படைத்தவனுக்கே பெயர், படைக்கப்பட்டவனுக்கு இல்லை. உலகம் படைத்தவன் பெயரையே அவன்மேல் போட்டு அழைக்கிறது. 1931-இல் வந்த படத்தின் தொடக்கத்தில், அவ்வேடம் ஏற்ற நடிகரின் பெயர் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறியே நின்றது.

சுவிசேஷத்தில் கல்லறைகளுக்குள்ளே குடியிருந்தவன் ஒருவன் உண்டு: மாற்கு 5-ஆம் அதிகாரத்தின் கதரேனன். இரவும் பகலும் கூக்குரலிட்டு, கற்களால் தன்னைக் காயப்படுத்திக்கொண்டவன். எந்தப் பேய்ப்படத்தின் தொடக்கக் காட்சிக்கும் அவன் போதும். இயேசு அங்கே முதலில் கேட்டது பெயரை. வந்த விடை ரோமப் படைப்பிரிவின் பெயர். லாசருவின் காரியத்திலும் அவனைப் பெயர் சொல்லியே அழைத்தார். அவன் வந்தபின், கட்டுகளை அவிழ்க்கும் வேலையைச் சுற்றி நின்றோரிடம் விட்டார். எழுப்புவது ஆண்டவர் வேலை; அவிழ்ப்பது ஊரார் வேலை. ‘நாளைய மனித’னில் எழுப்புவோர் உண்டு, அவிழ்ப்போர் இல்லை. மருந்து பலித்ததா என்று பார்க்கின்றனர். எழுந்தவனுக்குப் பசிக்கிறதா என்று பார்ப்போர் இல்லை. அவன் கொலைகாரன் ஆனதில் என்ன வியப்பு?

கொங்கு நாட்டார் இதனை வேறுவிதமாக அறிவர். அண்ணன்மார் கதையில், படுகளத்தில் மாண்டுகிடக்கும் பொன்னரையும் சங்கரையும் தங்கை எழுப்புகிறாள். அவர்கள் எழுந்து அவளோடு பேசுகின்றனர். தம் காலம் முடிந்தது என்று சொல்லி மீண்டும் மடிகின்றனர். வீரப்பூரில் அதனை இன்றும் சடங்காக நிகழ்த்துவர். இறந்தவர்போல் விழுந்து கிடப்போரைத் தண்ணீர் தெளித்து எழுப்புவர். அங்கே எழுந்தவர் எவரையும் கொல்வதில்லை. எழுப்பியவள் தங்கையாதலால், அவர்களைப் பெயர் சொல்லி அழைக்க அவளுக்குத் தெரியும். இது உயிர்த்தெழுதல் அன்று என்பதை நாமும் அறிவோம். பவுல் கொரிந்தியருக்கு எழுதியது பழைய உடல் திரும்பி வருவதைப் பற்றி அன்று. ஆனாலும் மருத்துவரின் ஊசியைவிடத் தங்கையின் அழுகை சுவிசேஷத்திற்கு அருகில் நிற்பதாகக் கருதுகின்றோம்.

அன்றிரவு நாம் உரையாடலில் அதிகம் பேசவில்லை. காரணம் உண்டு, அதனை மறுமாதம் வாலிபரிடம் சொன்னோம். பல ஆண்டுகளுக்கு முன், ரயில் பாதையை ஒட்டிய வேறொரு சேகரத்தில் நாம் இருந்தபோது, தண்டவாளத்தருகே ஒரு மனிதரின் உடல் கிடைத்தது. கழுத்தில் சிறு சிலுவை இருந்ததால் காவல்துறையார் நம்மிடம் வந்தனர். எந்தச் சபையில் அங்கத்தினர், சந்தா கட்டியவரா என்று தெரியாமல் கல்லறைத் தோட்டத்தில் இடம் தரலாமா எனச் சேகரக் குழுவில் பேச்சு எழுந்தது. நாம் அதனை மறுத்துரைக்கவில்லை. இரண்டு நாட்கள் கடந்தன. மூன்றாம் நாள் அந்தி வேளையில், மதிற்சுவரை ஒட்டிய மூலையில், குழிவெட்டுவோர் இருவரும் நாமும் மட்டும் நிற்க, ஒரு குறுகிய ஜெபத்தோடு அடக்கம் செய்தோம். யார் அவர் என்று விசாரிக்க அடுத்த ரயில் நிலையத்திற்குக்கூட நாம் போகவில்லை. அடக்கப் பதிவேட்டில் பெயருக்குரிய கட்டத்தில் ஒரு கோடு இழுத்தோம். அது நம் கையெழுத்து.

கேட்ட பிள்ளைகளில் இருவர், அந்தப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்றனர். அங்கு இப்போது பணியாற்றும் ஆயருக்குக் கடிதம் எழுதி, அந்த மூலை இன்னும் அடையாளம் காணக்கூடியதாக உள்ளதா, ஒரு கல் நாட்ட அனுமதி கிடைக்குமா என்று கேட்டிருக்கின்றோம். பதில் இன்னும் வரவில்லை. வரும் சனிக்கிழமைக்கு ‘அதிசய மனித’னை (1990) எடுத்து வைத்திருக்கின்றனர், அது ‘நாளைய மனித’னின் தொடர்ச்சி.