மிடி ஆடியோவாகும்போது எதைக் கேட்பது?

வீட்டில் லேப்டாப்பும் சின்ன கீபோர்டும் வைத்துப் பாட்டு அமைக்கிறவர்கள், வேலை முடிகிற கட்டத்தில் மிடி டிராக்குகளை ஆடியோவாக மாற்றுவார்கள். கம்ப்யூட்டருக்குச் சுமை குறையும். மிக்ஸிங் செய்கிறவருக்கு அனுப்பவும் வசதி. ‘பவுன்ஸ்’ கொடுத்துவிட்டு எழுந்து போவதுதான் பலருக்கும் வழக்கம். ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார வேண்டிய நேரமே அதுதான் என்பேன். அதுவரை வெறும் கட்டளையாக இருந்தது, அப்போதுதான் ஒலியாக நிலைபெறுகிறது.

மிடியில் ஒலியே கிடையாது. எந்தக் கட்டை, எப்போது அழுந்தியது, எப்போது விட்டது, எவ்வளவு வேகமாக அழுந்தியது (வெலாசிட்டி) என்பது போன்ற தகவல்கள்தான் அதில் உண்டு. பாட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்த ஸ்வரக் குறிப்பு மாதிரி. பாட ஒருவர் வந்தால்தான் பாட்டு. 1983 ஜனவரியில் அமெரிக்காவின் ‘நாம்’ (NAMM) இசைக்கருவிக் கண்காட்சியில், சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸின் ப்ராஃபெட்-600 கீபோர்டையும் ரோலண்டின் ஜூபிட்டர்-6 கீபோர்டையும் கேபிளால் இணைத்து, ஒன்றை வாசித்தால் மற்றது ஒலிப்பதைக் காட்டினார்கள். கேபிள் வழியே போனது இந்தத் தகவல் மட்டுமே. இன்று அதே தகவலை வாங்கிக்கொண்டு பாடுவது உங்கள் பிளக்-இன். அது எப்படிப் பாடுகிறது என்று கவனிப்பதுதான் ரசனையின் தொடக்கம்.

பியானோ டிராக்கை மட்டும் சோலோவில் போடுங்கள். ஒரே ஸ்வரத்தை வரிசையாக எழுதி, வெலாசிட்டியை 20-இலிருந்து 120 வரை படிப்படியாக ஏற்றுங்கள். சத்தம் கூடுவதை விட்டுவிட்டு, குரல் மாறுவதைக் கேளுங்கள். கீழே மங்கலாக, உருண்டையாக இருக்கும். மேலே போகப் போகத் தந்தியின் கூர்மை வெளியே வரும். நல்ல சாம்பிள் தொகுப்பில் மென்மையாக வாசித்ததையும் ஓங்கி வாசித்ததையும் தனித்தனியே பதிவு செய்திருப்பார்கள். மட்டமான தொகுப்பில் ஒரே பதிவைச் சத்தம் கூட்டிக் குறைத்திருப்பார்கள், அல்லது ஓரிடத்தில் குரல் சட்டென்று தாவும். அந்தத் தாவல் எந்த எண்ணில் நிகழ்கிறது என்று ஒருமுறை காதில் பட்டுவிட்டால், பிறகு அதைக் கேட்காமல் இருக்க முடியாது. அடுத்து, ஒரே வெலாசிட்டியில் ஹை-ஹாட்டையோ தபலாவின் ஒரே சொல்லையோ எட்டு முறை அடிக்க விடுங்கள். எட்டும் அச்சு அசலாக ஒன்றே என்றால் இயந்திரத் துப்பாக்கி காதைத் துளைக்கும். ஒவ்வொரு அடிக்கும் வேறு வேறு பதிவைச் சுழற்றித் தரும் பிளக்-இன்னில் அந்தக் கடுமை இருக்காது.

நம் சங்கீதம் பழகிய காதுக்குப் பெரிய விருந்து பிட்ச் பெண்ட் வீலில் இருக்கிறது. அது வழக்கமாக மேலே இரண்டு, கீழே இரண்டு செமிடோன் நகரும். அதற்குள் 16,384 படிகள். தோடியில் சாதாரண காந்தாரத்தைப் பிடித்து வீலை முழுக்க அசைத்தால், கீழே சுத்த ரிஷபமும் மேலே சுத்த மத்தியமமும் சரியாக எட்டும். எட்டுவதால் மட்டும் தோடி வந்துவிடாது. சீரான ஆட்டம் சைரன் போல ஒலிக்கும். எங்கே தயங்குகிறது, எங்கே வழுக்குகிறது என்பதில்தான் ராகம் இருக்கிறது. சாதாரண மிடியில் வீலை அசைத்தால் அந்தச் சேனலில் ஒலிக்கும் எல்லா ஸ்வரமும் சேர்ந்து அசையும் என்பதால், சுருதிக்குத் தனிச் சேனல் கொடுங்கள். 2018-இல் ஏற்கப்பட்ட எம்.பி.இ. முறை ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தனிச் சேனல் ஒதுக்கி இதைத் தீர்த்தது. இன்னொன்று: நண்பருக்கு மிடியாக அனுப்பினால், அவருடைய பிளக்-இன்னில் வீலின் எல்லை பன்னிரண்டு செமிடோனாக இருக்கலாம். உங்கள் காந்தாரம் அங்கே எங்கோ பறந்துவிடும். ஆடியோவாக மாற்றிய கமகம் நீங்கள் கேட்டபடியே போய்ச் சேரும்.

வாலைக் கவனிக்க மறக்காதீர்கள். கடைசி ஸ்வரம் முடிகிற இடத்திலேயே பவுன்ஸை நிறுத்தினால் ரிவெர்ப் பாதியில் அறுபடும். சில விநாடி கூடுதலாக விடுங்கள். நல்ல பியானோ சாம்பிள்களில், கட்டையை விட்டதும் டேம்பர் தந்தியின்மேல் படியும் மெல்லிய ஓசைகூடப் பதிவாகியிருக்கும்; அதையும் அறுத்துவிடாதீர்கள்.

எனக்கு ஆகப் பிடித்த சோதனை இது. ஒரே டிராக்கை இரண்டு முறை பவுன்ஸ் செய்து, இரண்டையும் இம்மி பிசகாமல் மேலும் கீழுமாக வைத்து, ஒன்றின் போலாரிட்டியைத் தலைகீழாக்குங்கள். இரண்டும் ஒன்றே என்றால் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு எதுவும் கேட்காது. பழைய அனலாக் சிந்தசைசரைப் போல நடந்துகொள்ளும் பல பிளக்-இன்களில் அப்படி ஆவதில்லை. அவற்றின் ஆசிலேட்டர் ஒவ்வொரு முறையும் அலையின் வேறொரு புள்ளியிலிருந்து தொடங்கும், கோரஸும் அப்படித்தான். அழியாமல் ஏதோ ஒரு சலசலப்பு மிஞ்சும். அந்த மிச்சத்தைத் தனியாகக் கேளுங்கள். நீங்கள் எழுதாததையும் பிளக்-இன் வாசித்திருப்பது அதில் தெரியும். ஆக, ஒவ்வொரு பவுன்ஸும் ஒரு டேக்.

இப்படிப்பட்ட டிராக்கை மூன்று முறை பவுன்ஸ் செய்து, பாடகரை வைத்து டேக் எடுத்தால் எப்படித் தேர்வீர்களோ அப்படித் தேர்ந்தெடுங்கள். மிக்ஸிங்குக்கு அனுப்புவதானால் ரிவெர்ப் இல்லாத பிரதியும் ஒன்று எடுத்துவையுங்கள். மிடி டிராக்கை அழிக்காமல் மியூட்டில் போடுங்கள். நாளை இன்னும் நல்ல பியானோ கிடைத்தால், அதே குறிப்பை அதுவும் ஒருமுறை வாசிக்கட்டும்.