வரமும் சந்தாவும்

புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ 1943இல் ‘கலைமகள்’ இதழில் வெளிவந்த கதை. கடவுளை எள்ளி நகையாடும் கதை என்பார் பலர். குருமட நாட்களில் முதன்முறை படித்தபோது நானும் அவ்வாறே எண்ணி முகம் சுளித்தேன். மீண்டும் படிக்கையில், அங்கே எடைபோடப்படுவது கடவுள் அன்று, காசு என்பது விளங்குகிறது.

கதை ஒரு கணக்கோடு தொடங்குகிறது. சென்னை எஸ்பிளனேடு மூலையில் நிற்கும் பிள்ளை, டிராமில் போனால் வெற்றிலைக்குக் காலணா மிஞ்சும், பஸ்ஸில் ஏறிக் கண்டக்டரைக் கொஞ்ச தூரம் ஏமாற்றினால் அரைக் கோப்பைக் காப்பி கிட்டும் என்று திட்டமிடுகிறார். இதனை வறுமையின் சித்திரம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அந்தக் காலணாவின் எல்லைக்குள் அவரே அரசர்.

அவரிடம் வழி கேட்டு வருகிறார் கடவுள். இருவரும் காப்பிக் கடைக்குள் நுழைகின்றனர். அங்கே தம் லீலையைப் பற்றிப் பேசுபவரிடம், பில் கொடுக்கும் வேளையில் அதைக் காட்டும்படி சொல்கிறார் பிள்ளை. கடவுளும் நூறு ரூபாய் நோட்டை நீட்டுகிறார். உலகைப் படைத்தவரும் கல்லாப்பெட்டியின் முன்னே தம் வல்லமையை மெய்ப்பிக்க வேண்டியிருக்கிறது!

கதையின் உயிர்நிலை இதற்கு அப்பால் உள்ளது. பிள்ளைக்கு வரம் வேண்டாம். தாம் நடத்தும் வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தா 25 ரூபாய் வேண்டும். இம்மறுப்பில் தன்மானம் உண்டு. அதைப் பழிக்க மாட்டேன். ஆயினும், வரம் பெறுபவன் கடன்படுகிறான்; சந்தா வாங்குபவன் எவருக்கும் கடன்படுவதில்லை. பணம் நமக்குத் தரும் வலிமை உணர்வின் வேர் இதுவேயன்றோ? இறையருளோ எந்தப் பேரேட்டிலும் வரவு வைக்க இயலாதது.

கணக்கின்றிக் கடவுளைப் பெற்றுக்கொள்பவள் பிள்ளையின் சிறுமகள் வள்ளி ஒருத்தியே. மாற்கு நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்திலும் இயேசு சிறு பிள்ளைகளை அரவணைத்த உடனே, செல்வன் ஒருவன் வருகிறான்; தன் சொத்தை விட மனமின்றி வருத்தத்தோடு திரும்புகிறான். வள்ளியிடம் ஆசிரியர் இன்னும் சற்று நேரம் நின்றிருக்கலாம் என்பதே இக்கதையில் நான் காணும் குறை.

பிள்ளையைக் குறைகூறும் தகுதி எனக்கு இல்லை. நம் ஆலயங்களில் குழல்விளக்கின் ஒளியை மறைத்துக்கொண்டு உபயகாரரின் பெயர் நிற்கிறது. திருவிழா நன்கொடைப் பட்டியலைத் தொகையோடு ஒலிபெருக்கியில் வாசித்தவன் நான். பெயர் வந்தவர் நிமிர்ந்தார். பெயர் வராதவர் தலைகுனிந்து அமர்ந்திருந்தார். கடவுளின் பெயரைப் பற்று வரவில் எழுதிய அந்தப் பேரேடு அன்று என் கையிலும் இருந்தது.