நாணயம் எங்கே?

பீடி சுற்றிச் சேர்த்த கூலியைக் கட்டலாமா என்று தாய் கேட்டனுப்ப, என் மாணவன் துண்டறிக்கை ஒன்றைக் கொணர்ந்தான். "பணம் போடுங்கள், அதிர்ஷ்டசாலிக்குத் தங்க நாணயம் பரிசு!" என்று வாசுதேவநல்லூர் மக்களை அழைக்கிறது ஒரு நிதி நிறுவனம். சொற்சுவை இருக்கட்டும், பொருட்சுவை காண்போம்.

பரிசாம்! முல்லைக்குத் தேர் ஈந்தான் பாரி, தேர் அவனுடையது. இங்கே நாணயம் யாருடையது? பணம் போட்ட அத்தனை பேருக்கும் சேரவேண்டிய ஆதாயத்தில் கிள்ளியெடுத்தது! ஒருவர் கழுத்தில் மாலை. மற்றவர் மடியில் ஓட்டை.

அதிர்ஷ்டமாம்! 'கண்ணுக்குத் தெரியாதது' என்பதே அச்சொல்லின் பொருள். வட்டியோ கணக்கு, கேட்டுப் பெறும் உரிமை. சோதிடனை விரட்டிய இளைஞனும் குலுக்கல் பெட்டிமுன் கைகூப்பலாமா, தோழர்களே?

பரிசுச் சீட்டுகளை 1978ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. குலுக்கல் பரிசு காட்டி வைப்புத்தொகை திரட்டலாகாது, 250 ரூபாய்க்கு மேற்படாத அன்பளிப்பே தரலாம் என்று 2016இல் வங்கிகளுக்கு விதித்தது ரிசர்வ் வங்கி. இங்கிலாந்து அரசு 1956 முதல் பரிசுப் பத்திரம் விற்கிறது. ஆனால் வட்டிக்குப் பதிலாகவே பரிசு என்பதை ஒளிக்கவில்லை. முதலுக்கும் அரசே பொறுப்பு.

தாய்க்கு விடை எழுதினேன்: "வட்டி எவ்வளவு, முதலுக்குப் பொறுப்பு யார் என்று கேளுங்கள், அம்மா. நாணயம் தருகிறோம் என்போரிடம் நாணயம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்!"