எழுதி அழிக்கும் சோதனை

மின்சுற்றில் ஒரு வோல்ட்மீட்டரை இணைத்தால், அளக்க வந்த அக்கருவியே சுற்றிலிருந்து சிறிதளவு மின்னோட்டத்தை எடுத்துக்கொள்கிறது. ஆகவேதான் மின்தடை மிகுந்த வோல்ட்மீட்டரே சிறந்தது என்று மேனிலை வகுப்பு மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறோம். சோதிக்கும் செயல், சோதிக்கப்படும் பொருளை மாற்றிவிடக் கூடாது. ஆய்வுக்கூடத்தின் இந்தப் பழைய விதி வணிகக் கணிப்பொறி உலகில் எவ்வாறு கடைப்பிடிக்கப்படுகிறது, எங்கே வழுக்குகிறது என்பதை ஓர் அமைப்பை எடுத்துக்கொண்டு ஆராய்வோம்.

நாம் எடுத்துக்கொள்வது, அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் 1999இல் தொடங்கப்பெற்ற சேல்ஸ்போர்ஸ் நிறுவனத்தின் அமைப்பாகும். வணிகர்கள் தம் வாடிக்கையாளர் பட்டியல், விற்பனை விவரம், புகார்கள் ஆகியவற்றை வைத்துக்கொள்ளச் சொந்தமாகக் கணிப்பொறி வாங்காமல், இணையத்தின் வழியே இடத்தையும் வேலையையும் வாடகைக்குப் பெறுகிறார்கள். இதையே மேகக் கணிமை என்கிறார்கள். பல நிறுவனங்களின் விவரங்கள் பொதுவான தரவுத்தளத்தில் தங்குகின்றன. ஒருவருடையது மற்றவர் கண்ணில் படாது. பல குடித்தனங்கள் உள்ள வீட்டைப் போன்றது இது. ஒரு வீட்டார் குழாயைத் திறந்தே வைத்திருந்தால் மேல்மாடிக்குத் தண்ணீர் ஏறாது அல்லவா? அதனால்தான் இங்கே கட்டுப்பாடுகள் மிகுதி. இந்நிறுவனம் 2006இல் அறிவித்த ஏபெக்ஸ் என்னும் நிரல்மொழியில், ஒரு பரிவர்த்தனைக்குள் தரவுத்தளத்தில் எழுதும் ஆணையை 150 முறைக்கு மேல் தர இயலாது. மொத்தத்தில் 10,000 பதிவுகளுக்கு மேல் தொட இயலாது. பரிவர்த்தனை என்பது முழுவதும் நிறைவேறும், அல்லது ஒன்றுமே நடவாததுபோல் ஆகிவிடும் எழுத்துச் செயல்களின் தொகுதி.

இவ்வமைப்பில் எழுதும் நிரலை நேரே நடைமுறைத் தளத்தில் இறக்க முடியாது. அதை நகல் தளத்தில் எழுதி, கூடவே சோதனை நிரல்களையும் எழுதி, இரண்டையும் சேர்த்தே அனுப்ப வேண்டும். அச்சோதனைகள் நடைமுறைத் தளத்திலேயே மீண்டும் ஓடுகின்றன. அதாவது, மெய்யான வாடிக்கையாளர் விவரங்கள் இருக்கும் அதே தரவுத்தளத்தில் சோதனை நடக்கிறது! ஆயினும் சேதம் ஒன்றும் இல்லை. சோதனை முறை ஒவ்வொன்றும் ஒரு பரிவர்த்தனைக்குள் ஓடி, முடிந்தவுடன் அது எழுதிய அனைத்தும் திரும்பப் பெறப்படுகின்றன. சோதனையிலிருந்து மின்னஞ்சல் வெளியே போகாது. வெளிக் கணிப்பொறிகளுடன் பேச வேண்டுமெனில், பதில் சொல்லும் போலி ஒன்றை நாமே அமைத்துத்தர வேண்டும். 2012 முதல் இன்னொரு நல்ல விதியும் சேர்ந்தது: தனியே அனுமதி கேட்டாலன்றி, சோதனை நிரலின் கண்ணுக்கு நிறுவனத்தின் மெய்ப் பதிவுகள் தெரியா. தனக்கு வேண்டிய வாடிக்கையாளரைத் தானே படைத்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவும் பாராட்டத்தக்கவை என்பதே என் கருத்து. நேற்று யாரோ பதிந்த வாடிக்கையாளரை நம்பி எழுதிய சோதனை, நாளை அப்பதிவு அழிக்கப்பட்டதும் தோற்றுவிடும். ஒவ்வொரு மாணவனும் தானே புதிதாகக் கரைசல் தயாரித்துச் சோதிப்பதே முறை. முந்தின வகுப்பார் விட்டுச்சென்ற குடுவையில் என்ன இருந்தது என்று யார் அறிவார்?

இனி, வழுக்கும் இடங்களுக்கு வருவோம். முதலாவது, தடமே இல்லை என்பது முழு உண்மையன்று. பதிவுகளுக்குத் தானாக வரிசை எண் இடும் வசதி ஒன்று உண்டு. சோதனையில் 12 பற்றுச்சீட்டுகள் படைக்கப்பட்டு மறைந்தால், சீட்டுகள் போய்விடும். அவை பெற்ற எண்கள் திரும்பி வாரா. 1042க்கு அடுத்த மெய்யான சீட்டு 1055 என்று நிற்கும். தணிக்கையாளர் கேட்டால் கணக்கர் என்ன பதில் சொல்வார்? சோதனைக்குத் தனி வரிசை கொடுக்கும் ஏற்பாடு உண்டு என்றாலும், அதை ஒருவர் தேடிப்பிடித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். வோல்ட்மீட்டர் உறிஞ்சும் மின்னோட்டம் இதுதான். பயனர் பெயரும் இவ்வாறே. அது இவ்வமைப்பைப் பயன்படுத்தும் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக ஒன்றே ஒன்றாக இருத்தல் வேண்டும். எங்கோ ஒரு நிறுவனத்தில் அதே பெயர் இருந்தால் நம் சோதனை தோற்கும். குடித்தனங்களுக்கு இடையிலுள்ள சுவரில் சிறு ஓட்டை இருக்கிறது என்க.

இவை சிறியவை. இரண்டாவது குறையே எனக்குப் பெரிதாகப் படுகிறது. இவ்வமைப்பில் பதிவுகள் இரு வகைப்படும். வாடிக்கையாளர், ஒப்பந்தம் போன்றவை ஒரு வகை. பயனர், அவருடைய பதவிநிலை, உரிமை போன்றவை மற்றொரு வகை. யார் எதைப் பார்க்கலாம் என்பதை இவையே தீர்மானிக்கின்றன. இரு வகையையும் ஒரே பரிவர்த்தனையில் கலந்து எழுதுவதற்குத் தடை உண்டு. காரணம் நியாயமானது. உரிமை மாறிக்கொண்டிருக்கும் வேளையிலேயே பதிவையும் மாற்றினால், தவறான உரிமையின் பேரில் அச்செயல் நடந்துவிடலாம். பார்க்கக் கூடாதவர் பார்த்துவிடலாம்.

புதிய விற்பனையாளர் ஒருவர் சேர்கிறார் என்று கொள்வோம். அவருக்குப் பதவிநிலையோடு பயனர் பதிவு படைத்து, 40 வாடிக்கையாளர்களை அவர் பொறுப்பில் மாற்ற வேண்டும். தடை இருப்பதால் இரண்டாவது வேலையைப் பிற்பாடு செய்யுமாறு வரிசையில் போட்டுவைப்பார் நிரல் எழுதுபவர். அது தனிப் பரிவர்த்தனையாக, கணிப்பொறிக்கு ஓய்வு கிடைக்கும்போது நடக்கும். அது ஒரு நொடியாகவும் இருக்கலாம், பல நிமிடங்களாகவும் இருக்கலாம். இடையில் ஒரு நிலை உண்டு: விற்பனையாளர் இருக்கிறார், வாடிக்கையாளர்கள் இல்லை. இரண்டாவது வேலை தோற்றுப்போனால் அந்நிலையே நிலைத்துவிடும். வாடிக்கையாளர் தொலைபேசியில் அழைப்பார்; எடுத்துப் பேச வேண்டியவர் யாரென்று எவருக்கும் தெரியாது.

சோதனையில் நடப்பது என்ன? வரிசையில் போட்ட வேலை, சோதனையின் முடிவுக்கோட்டைத் தொட்ட அக்கணமே, காத்திராமல் ஓடி முடிந்துவிடுகிறது. இடைநிலை கண்ணில் படுவதே இல்லை. மேலும், இன்னொரு பயனராக நின்று பார்ப்பதற்கென ஒரு வசதி சோதனை நிரல்களுக்கு மட்டும் உண்டு. அந்தப் பகுதிக்குள் கலந்து எழுதும் தடை தளர்த்தப்படுகிறது. எழுதியபின் வெளிக் கணிப்பொறியுடன் பேசக் கூடாது என்ற தடையும், சோதனையின் தொடக்கக்கோடு ஒன்றைப் போட்டால் போலிப் பதிலுக்கு வழிவிடுகிறது. அந்தக் கோட்டைத் தாண்டியதும் 150 என்ற கணக்குக்கூடப் புதிதாகத் தொடங்குகிறது. ஆயத்த வேலைகளுக்காகவே இச்சலுகைகள் தரப்பட்டன என்பதை நான் மறுக்கவில்லை. அவையின்றிச் சோதனை எழுதவே முடியாமற் போகும். ஆனால் தோற்க வேண்டிய நிரலைத் தேர்ச்சி பெறவைக்கவும் இதே சலுகைகள் கைகொடுக்கின்றன. காற்றில்லாத அறையில் ஊசல் அழகாக ஆடும். அதை வைத்துக் கடற்கரையில் ஆடும் விதத்தைச் சொல்லிவிட முடியாது.

மூன்றாவது, 75 என்ற எண். நிறுவனத்தின் நிரல் வரிகளுள் 75 விழுக்காடாவது சோதனையின்போது ஓடியிருந்தால்தான் நடைமுறைத் தளத்துக்கு அனுமதி. நல்ல விதிபோல் தோன்றுகிறது. ஆனால் எண்ணப்படுவது ஓடிய வரிகளே. விடை சரியா என்று யாராவது பார்த்தார்களா என்பது எண்ணப்படுவதில்லை. விடையைச் சரிபார்க்கும் வரி ஒன்றுகூட இல்லாத சோதனையும் முழு மதிப்பெண் பெறும். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 வரி நிரலில் 40 வரிகள்தாம் சோதிக்கப்பட்டன என்போம். அத்துடன், ஓர் எண்ணோடு ஒன்றைக் கூட்டு என்னும் பயனற்ற வரியை 140 முறை எழுதி, அவற்றை ஓடவும் விட்டால், 240இல் 180. சரியாக 75 விழுக்காடு! முக்கியமான 60 வரிகள் முன்போலவே இருட்டில் இருக்கின்றன. இது கற்பனைத் தந்திரம் அன்று. இத்தொழிலில் இருப்போர் அறிந்ததுதான். அளவீட்டைக் கூலிக்குக் கட்டினால், உழைப்பு அளவீட்டுக்கே போகும்.

நம் கல்லூரிகளில் இயற்பியலும் கணிதமும் படித்த இளைஞர்கள் பலர் இன்று இத்தகைய வேலைகளுக்குச் செல்கிறார்கள். அவர்களுக்கு முதலில் கற்றுத்தரப்படுவது 75ஐ எட்டும் வழி. செய்முறைக் குறிப்பேட்டில் விடையை முதலில் எழுதிவிட்டு அளவீடுகளைப் பின்னால் நிரப்பும் பழக்கத்துக்கும் இதற்கும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை.

விழுக்காட்டை நீக்கிவிட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அது இல்லாவிடில் பலர் சோதனையே எழுதார். ஆனால் சரிபார்க்கும் வரி இல்லாத சோதனையைக் கணக்கில் சேர்க்காமல் விடலாம். வரிசையில் போட்ட வேலையை வேண்டுமென்றே தாமதிக்கவும் தோற்கவும் செய்து பார்க்கும் ஏற்பாட்டைச் சோதனைக்குள்ளேயே தரலாம். அதுவரையில் நிரல் எழுதுபவர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நகல் தளத்தில் அந்தப் புதிய விற்பனையாளரைக் கையாலேயே பதிந்து, அவர் பெயரில் உள்ளே நுழைந்து, அந்த 40 வாடிக்கையாளர்களும் வந்து சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.